அக்கான் பித்தளை எடைக்கற்கள்: உருவம் எடையைக் குறித்ததா?

தராசுமுள் கேட்டது:

வணக்கம். இன்றைய கானாவிலும் ஐவரி கோஸ்ட்டின் கிழக்குப் பகுதியிலும் வாழும் அக்கான் மக்கள், ஏறத்தாழ 1400 தொடங்கி 19ஆம் நூற்றாண்டின் இறுதி வரை தங்கத்தூளையே பணமாகப் புழங்கியதாகவும், அதை நிறுப்பதற்கென்றே சிறு பித்தளை எடைக்கற்களை வார்த்ததாகவும் படித்தேன். அருங்காட்சியகப் படங்களில் பறவை, மீன், முதலை, கேடயம், முக்காலி என்று எத்தனையோ வடிவங்கள் தென்படுகின்றன. ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாத இந்தக் கற்களை நம்பி விற்பவரும் வாங்குபவரும் எப்படி வணிகம் செய்தார்கள்? முதலை என்றால் இன்ன எடை என்று ஒரு வழக்கம் இருந்ததா?

மெழுகச்சு எழுதியது:

அப்படி ஒரு வழக்கம் இருக்கவில்லை. ஒரே பறவை வடிவம் பல எடைகளில் கிடைக்கிறது. ஒரே எடைக்குப் பல வடிவங்களும் உண்டு. தம்முடைய கற்களில் எது எவ்வளவு என்பது அவற்றை வைத்திருந்தவருக்குத் தெரியும், அவ்வளவே. பொதுவாக இருந்தது எடை அளவுதான். சகாரா வழியாக வந்த வணிகர்களின் மித்கால் அளவும், 1471இல் போர்த்துக்கீசியர் அந்தக் கடற்கரையை அடைந்தபின் ஐரோப்பிய அவுன்சு அளவுகளும் அதில் கலந்தன. மிகச் சிறிய தொகைகளுக்குக் குன்றிமணி போன்ற விதைகளே போதுமானவையாக இருந்தன.

பணம் கைமாறும்போது கொடுப்பவர் தம் தராசில் நிறுப்பார். பெறுபவர் அதையே தம் தராசிலும் தம் கற்களாலும் மறுபடி நிறுத்துச் சரிபார்ப்பார். ஆகவே வணிகர் ஒவ்வொருவரும் தராசு, கற்கள், தூளை அள்ளும் சிறு கரண்டி, தூள் வைக்கும் மூடியிட்ட பித்தளைப் பெட்டி ஆகியவற்றை ஒரே பொதியாகக் கட்டிக் கையோடு கொண்டு சென்றார்கள்.

வடிவங்கள் ஒன்றுபோல் இல்லாததற்குக் காரணம் வார்ப்பு முறையிலேயே இருக்கிறது. முதலில் தேன்மெழுகில் உருவத்தைச் செய்து, அதன்மேல் நுண்ணிய கரித்தூள் கலந்த குழம்பைப் பூசி, பிறகு களிமண்ணால் மூடுவார்கள். சூடேற்றியதும் மெழுகு உருகி வெளியேறிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய பித்தளை நிரம்பும். ஆறியபின் அச்சை உடைத்தால்தான் கல்லை எடுக்க முடியும் என்பதால் ஓர் அச்சிலிருந்து ஒரு கல்தான் கிடைக்கும். சில நேரங்களில் மெழுகே இல்லாமல், ஒரு வண்டையோ நிலக்கடலையையோ நேராகக் களிமண்ணில் பொதிந்து எரித்துவிட்டு, அந்த இடத்தில் பித்தளையை ஊற்றினார்கள்; நிலக்கடலைத் தோட்டின் வரிகள்கூட அப்படியே உலோகத்தில் பதிந்திருக்கும்.

வார்த்தெடுத்த கல் குறித்த எடைக்குச் சற்று மிகுந்தால் வாலையோ காலையோ அராவிக் குறைப்பார்கள். குறைந்தால் அடிப்புறத்தில் ஈயம் சேர்ப்பார்கள். கால் ஒடிந்ததுபோல் தோன்றும் விலங்கைச் சேதமான பொருள் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அது எடை திருத்தப்பட்ட கல்லாகவும் இருக்கலாம்.

பொன்துகள் எழுதியது:

அரசரின் எடைக்கற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்கான் மக்களின் அரசுகளில் ஒன்றான அசாந்தேயின் தலைநகர் குமாசிக்கு 1817இல் சென்ற ஆங்கிலத் தூதுக்குழுவைச் சேர்ந்த பவுடிச், அசாந்தே அரசரின் கற்கள் நாட்டில் புழங்கிய கற்களைவிட மூன்றில் ஒரு பங்கு கனமானவை என்று பதிவு செய்திருக்கிறார். உணவுப் பொருள்களுக்கான தங்கம் அரசரின் கல்லால் நிறுத்துக் கொடுக்கப்பட்டு, சந்தையில் சாதாரணக் கல்லால் செலவழிக்கப்பட்டதால், மிஞ்சிய தூள் அரண்மனைச் சமையல் தலைவருக்கும் மற்றப் பணியாளர்களுக்கும் சேர்ந்தது. கல்லின் கனமே அங்கே சம்பளமாகவும் இருந்தது என்பது என் கருத்து.

ஆற்றங்கரை எழுதியது:

எடையைச் சொல்லாவிட்டாலும் உருவங்கள் வேறொன்றைச் சொல்லின. ஒரே வயிற்றைப் பகிர்ந்துகொள்ளும் இரு முதலைகளின் உருவம் புகழ்பெற்றது. எந்த வாய் விழுங்கினாலும் இரை ஒரே வயிற்றுக்குத்தான் போகிறது. ஆனாலும் இரண்டும் உணவுக்காகச் சண்டையிடுகின்றன என்ற பழமொழியை அது நினைவூட்டுகிறது. தலையைப் பின்னால் திருப்பிய சங்கோஃபா பறவையும் அத்தகையதே; மறந்ததைத் திரும்பிச் சென்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை என்ற பழமொழியை அது குறிக்கிறது. ஆனால் எல்லா உருவத்துக்கும் ஒரு பழமொழியைத் தேடிப் பொருத்துவது சரியல்ல. தொடக்க நூற்றாண்டுகளில் படிக்கட்டு, சதுரம், கோடு போன்ற வடிவியல் உருவங்களே மிகுதி. மனித, விலங்கு உருவங்கள் பெருகியது பிற்காலத்தில்தான்.

தராசுமுள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நிறுக்கப் பயன்பட்ட கல்லையும் பின்னாளில் விற்பனைக்காக வார்த்ததையும் எப்படிப் பிரித்தறிவது?

மெழுகச்சு எழுதியது:

பிரிட்டிஷ் குடியேற்ற அரசு 1889இல் தங்கத்தூள் நாணயத்தைச் செல்லாததாக்கியபின் கற்களின் தேவை படிப்படியாகக் குறைந்தது. அதன்பின் வாங்குவோருக்காகவே வார்க்கப்பட்டவை ஏராளம். பழைய கல்லில் முனைகளும் விளிம்புகளும் கைபட்டுத் தேய்ந்திருக்கும். அராவிய தடமோ ஈயத் திருத்தமோ இருந்தால் அது நல்ல சான்று. முதலில் நுண்தராசில் நிறுத்துப் பாருங்கள். வரும் எடை பழைய அளவுகளில் ஒன்றோடு பொருந்துகிறதா என்று பார்த்தபிறகே உருவத்தின் அழகைக் கொண்டு முடிவெடுங்கள்.