எல்டிசி2977 சிப்பை கர்னல் டிரைவர் வழியாவே புரோகிராம் பண்ணலாமா? ஐ2சிசெட்ல எழுதினா வேற ரெயில் நகருது

பவர்ரெயில் (கேள்வி):
வணக்கம். போர்டுல எட்டு ரெயிலையும் (பவர் சப்ளை லைன்) ஒரு எல்டிசி2977 பவர் மேனேஜர் சிப் தான் பாத்துக்குது, எது முதல்ல ஆன் ஆகணும், எப்ப கட் பண்ணணும் எல்லாம் அதுதான். லினக்ஸ்ல எல்டிசி2978 டிரைவர்தான் இதுக்கும், லோட் ஆகி சென்சார்ஸ் கமாண்ட்ல எட்டு வோல்டேஜும் ஒழுங்கா வருது. மூணாவது ரெயில் 1.8 வோல்ட், லோடு பக்கம் கொஞ்சம் டிராப் ஆகுது, அதனால 1.85க்கு ஏத்தணும். ஹெச்டபிள்யூமான்ல (கர்னல் சென்சார் ரீடிங்கை ஃபைலா காட்டுற இடம்) இன்4_கிரிட் ஃபைல்ல, அதாவது மூணாவது ரெயிலோட ஓவர் வோல்டேஜ் லிமிட்ல, எழுதினா ஏத்துக்குது, ஆனா பவர் போய் வந்தா பழைய லிமிட்டே வந்துடுது. வோல்டேஜை மாத்த அங்க ஃபைலே இல்ல. ஐ2சிசெட்ல (ஐ2சி பஸ்ல நேரா எழுதுற கமாண்ட்) ஃபோர்ஸ் போட்டு பேஜ் 2 (0ல இருந்து எண்ணினா மூணாவது ரெயில்) செட் பண்ணி எழுதினா சில நேரம் சரியா போகுது, சில நேரம் வேற ரெயில் நகருது. டிரைவர்லயே ஒரு சிஸ்எஃப்எஸ் ஃபைல் (கர்னல் வெளியில காட்டுற செட்டிங் ஃபைல்) சேர்த்து ஈப்ராம் (பவர் போனாலும் அழியாத மெமரி) வரைக்கும் எழுத வச்சுடலாம்னு பாக்குறேன், சரியா?

பஸ்காவலன்:
வேற ரெயில் நகர்றதுக்கு காரணம் பேஜ் தான். அடுத்து வர்ற கமாண்ட் எந்த ரெயிலுக்குன்னு சொல்ல சிப்புக்கு ஒரே ஒரு பேஜ் ரிஜிஸ்டர், யார் கடைசியா எழுதினாங்களோ அது தான் நடப்பு. நீங்க பேஜ் 2 போட்டுட்டு அடுத்த கமாண்ட் அடிக்கிறதுக்குள்ள சென்சார்ஸ் ஒரு தடவை ஓடினா டிரைவர் பேஜை 0, 1, 2ன்னு வரிசையா மாத்திட்டு போயிடும், உங்க ரைட் அது எங்க நின்னுச்சோ அந்த ரெயில்ல போய் விழும். டிரைவருக்குள்ள லாக் இருக்கு, ஆனா வெளியில இருந்து ஃபோர்ஸ்ல வர்ற டிராஃபிக்குக்கு அந்த லாக் தெரியவே தெரியாது. இன்னொரு பக்கமும் அடி விழும்: பிஎம்பஸ் கோர் (இந்த மாதிரி பவர் சிப் டிரைவருக்கெல்லாம் பொதுவான கர்னல் கோட்) தான் கடைசியா போட்ட பேஜை ஞாபகம் வச்சுக்கும், அதே பேஜ் வேணும்னா திரும்ப எழுதாது, அதனால நீங்க இடையில பேஜை மாத்தியிருந்தா டிரைவர் ஒரு ரெயிலோட பேர்ல இன்னொரு ரெயில் ரீடிங்கை காட்டும். லிமிட்டையெல்லாம் ஒரு தடவை படிச்சு வச்சுக்கிட்டு அதையே காட்டுறதால நீங்க வெளியில மாத்தினதும் அங்க தெரியாது. டிரைவர் பைண்ட் ஆகியிருக்கும்போது அந்த அட்ரஸை தொட்டா பிஸின்னு எரர் தர்றதே இதுக்குத்தான், அந்த எச்சரிக்கையை ஃபோர்ஸ் போட்டு தாண்டாதீங்க.

பவர் போனா பழையபடி வர்றது கோளாறு இல்ல. சிஸ்எஃப்எஸ்ல எழுதுறது சிப்போட ராமுக்கு மட்டும் தான் போகும், ஈப்ராமுக்கு போக ஸ்டோர் யூசர் ஆல், ஹெக்ஸ் 15, தனியா அனுப்பணும்.

சாலிடர்புகை:
நான் பண்ற முறை இது. முதல்ல டிரைவரை அன்பைண்ட் பண்ணுங்க (சிப்புல இருந்து கழட்டி விடுங்க), டிரைவர் ஃபோல்டர்ல இருக்கிற அன்பைண்ட் ஃபைல்ல பஸ் நம்பர், அட்ரஸ் (டிஃபால்ட்னா ஹெக்ஸ் 5சி) எக்கோ பண்ணா போதும். இனி பஸ்ல அந்த சிப்போட பேசுறது நீங்க மட்டும் தான். ரைட் புரொடெக்ட் ரிஜிஸ்டர், ஹெக்ஸ் 10, படிச்சு பாருங்க, சிப்ல டபிள்யூபி பின்னும் இருக்கு, அது ஹை ஆக இருந்தா வோல்டேஜ், லிமிட் எதை எழுதினாலும் பலிக்காது. அப்புறம் பேஜ் 2. இன்4க்கு ஏன் பேஜ் 2ன்னா இன்1 இன்புட் வோல்டேஜ், இன்2 தான் பேஜ் 0.

மதிப்பு கணக்கு: இந்த சிப்ல அவுட்புட் வோல்டேஜை 8192 ஆல பெருக்கணும், எக்ஸ்போனன்ட் மைனஸ் 13. 1.85க்கு 15155. எழுதுறதுக்கு முன்னாடி ஓவர் வோல்டேஜ் ஃபால்ட் லிமிட், ஹெக்ஸ் 40, புது வோல்டேஜுக்கு இடம் விட்டு இருக்கான்னு பாருங்க, ஏத்தும்போது லிமிட்டை முதல்ல தூக்கிட்டு அப்புறம் தான் ஹெக்ஸ் 21ல வோல்டேஜ், இல்லேன்னா நடுவுல ரெயில் ட்ரிப் ஆகிடும். வோல்டேஜ் மேக்ஸ், ஹெக்ஸ் 24, அதையும் பாத்துக்கங்க. எழுதினதை திரும்ப படிச்சு, மீட்டர் வச்சும் அளந்து, திருப்தியான பிறகு தான் ஸ்டோர். ஸ்டோர் போனதும் சிப் கொஞ்ச நேரம் பிஸியா இருக்கும், உடனே அடுத்த கமாண்ட் அடிக்காதீங்க. சிப் 85 டிகிரிக்கு மேல சூடா இருக்கும்போதும் ஈப்ராம் எழுத வேண்டாம்.

பவர்ரெயில்:
ரொம்ப நன்றிண்ணா, அன்பைண்ட் பண்ணதும் வேற ரெயில் நகர்றது நின்னுடுச்சு. ஸ்டோர் இன்னும் பண்ணல, ஏன்னா ஹெக்ஸ் 21ஐ திரும்ப படிச்சா 15155 தான் இருக்கு, ஆனா மீட்டர்ல 1.82 தாண்ட மாட்டேங்குது. லிமிட் எல்லாம் சரியா இருக்கு.

சாலிடர்புகை:
அப்ப சாஃப்ட்வேர் வேலை முடிஞ்சுது, ஹார்டுவேர் தடுக்குது. இந்த சிப் கன்வெர்ட்டரை நேரா செட் பண்ணாது, தன்னோட 10 பிட் டாக் (நம்பரை வோல்டேஜா மாத்துற பகுதி) வழியா ஒரு ரெசிஸ்டர் மூலமா ஃபீட்பேக் பாயிண்டை இழுத்து தான் வோல்டேஜை நகர்த்தும். எம்எஃப்ஆர் டாக் ரிஜிஸ்டரை படிங்க, 0லயோ 1023லயோ முட்டி நின்னா அந்த ரெசிஸ்டர் பெருசு, அதை குறைச்சா தான் ரேஞ்ச் விரியும். ரொம்ப குறைச்சுடாதீங்க, அப்புறம் தப்பான ஒரு நம்பர் எழுதினாலே லோடு போயிடும்.

பஸ்காவலன்:
பேட்ச் பத்தி கேட்டிருந்தீங்க. சிஸ்எஃப்எஸ்ல ஸ்டோர் ஃபைல் வைக்கிறதுக்கு நான் உடன்பட மாட்டேன், ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் ஒவ்வொரு பூட்லயும் ஈப்ராமை எழுதிக்கிட்டே இருக்கும். கண்டிப்பா கர்னல்ல தான் வேணும்னா டீபக்எஃப்எஸ்ல (டெவலப்பர் சோதனைக்குன்னு இருக்கிற ஃபைல் இடம்) வைங்க, ரைட்டுக்கு பிஎம்பஸ் கோரோட ஃபங்ஷனையே கூப்பிட்டு பேஜ் நம்பரை அதுக்கு குடுங்க, அப்ப தான் கோரோட பேஜ் ஞாபகம் பிசகாது. ரன்னிங்ல வோல்டேஜ் மாத்தணும்னா ரெகுலேட்டர் பக்கம் பாருங்க, இந்த டிரைவருக்கு அந்த கான்ஃபிக் ஆப்ஷன் இருக்கு.

ஸ்டோர் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க, லினக்ஸ் ஓடுற சிபியூவோட ரெயிலையும் இதே சிப் தான் பாத்துக்குதா?

பவர்ரெயில்:
ஆமா, கோர் ரெயில் பேஜ் 0.

பஸ்காவலன்:
அப்ப தப்பான கான்ஃபிக் ஒரு தடவை ஈப்ராம்ல போயிட்டா சிபியூ எழும்பாது, சரி பண்ண வேண்டிய லினக்ஸும் கூடவே போயிடும். போர்டுல ஐ2சி ஹெடர் இருக்கா பாருங்க, வெளியில இருந்து ஒரு யூஎஸ்பி அடாப்டர் வச்சு சிப்பை படிக்க முடியுதான்னு முதல்ல உறுதி பண்ணிக்கங்க, எட்டு பேஜோட பழைய மதிப்பு எல்லாத்தையும் ஃபைல்ல எடுத்து வைங்க. ஸ்டோர் முடிஞ்சு பவர் ஆஃப் ஆன் பண்ணுங்க, லினக்ஸ் எழும்பி டிரைவர் லோட் ஆனதும் இன்4_கிரிட் புதுசா படிச்ச மதிப்பை காட்டும்.

பவர்ரெயில்:
ஹெடர் இருக்கு, பின் மட்டும் சாலிடர் பண்ணல. ரெசிஸ்டர் மாத்தும்போது அதையும் சேர்த்து பண்ணிட்டு, அடாப்டர்ல படிச்சு பாத்துட்டு தான் ஸ்டோர் அடிப்பேன்.