ராணுவ நீதிமன்றத்திலிருந்து வகுப்பறைக்கு: சட்ட ஆசிரியர்களின் உதவி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம். தரைப்படையின் சட்டப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி, குறைந்தது ஐந்து அதிகாரிகள் அமரும் பொது ராணுவ நீதிமன்றங்களில் ஜட்ஜ் அட்வகேட்டாக (நீதிமன்றத்துக்குச் சட்ட ஆலோசனை கூறும் அதிகாரியாக) இருந்து ஓய்வுபெற்ற நான், இவ்வாண்டு முதல் ஒரு சட்டக் கல்லூரியில் குற்றவியல் சட்டம் நடத்துகிறேன்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டதால், மாணவர்கள் குறிப்பேட்டில் கொலைக்கான தண்டனைப் பிரிவைப் பழைய எண்ணில் 302 என்று எழுதி, அடித்துவிட்டு 103 என்று திருத்துகிறார்கள். எண்கள் பழகிவிடும், என் கவலை எடுத்துக்காட்டுகளைப் பற்றியது. கொலைக்கும் கொலையாகாத மரணத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க, விடுப்பு மறுக்கப்பட்ட, காவல் பணியிலிருந்த ராணுவ வீரர் ஒருவர் தம் மேலதிகாரியைச் சுட்டதாக ஒரு சூழலைச் சொன்னேன். "ஐயா, இதைச் செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்காதா?" என்று ஒரு மாணவி கேட்டார். அருமையான கேள்வி. ஆனால் பொதுச் சட்டக் குற்றங்களில் எவற்றை ராணுவ நீதிமன்றம் விசாரிக்கலாம், எவற்றை விசாரிக்கக்கூடாது என்று கூறும் 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 69, 70ஆம் பிரிவுகளை விளக்குவதிலேயே வகுப்பு முடிந்துவிட்டது.

வரப்புத் தகராறு, குடும்பச் சண்டை போன்ற அன்றாடச் சூழல்களில் கொலையைக் கொலையாகாத மரணமாகக் குறைக்கும் திடீர்ச் சினமூட்டல் என்ற விதிவிலக்கை விளக்கும் சிறு பயிற்சி வினாக்களைத் தமிழில் தயாரித்திருப்பவர்கள், அன்புகூர்ந்து பகிர்ந்து உதவ வேண்டுகிறேன். அவற்றை இரு தரப்பாகப் பிரித்து மாணவர்களை வாதிடச் செய்யும் முறையையும் எழுதினால் பெரிதும் பயன்படும். ராணுவ நீதிமன்ற நடைமுறை குறித்து உங்கள் மாணவர்களுக்கு வகுப்பெடுக்க நான் எப்போதும் ஆயத்தமாக இருக்கிறேன்.