குழந்தையைத் தொடுவதற்கு முன்: டுபோவிட்ஸ் காட்டிய வழியில் நமக்குக் கிடைத்த அனுபவங்கள்

நான் எம்.டி. படித்த காலத்தில் எங்கள் மேடத்திடம் ஒரு பழக்கம் உண்டு. உடல் துவண்ட குழந்தை வார்டுக்கு வந்தால், முதலில் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைக்கச் சொல்வார். "ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். அப்புறம் தொடலாம்."

அப்படிப் பார்த்த முதல் குழந்தை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறாள். நான்கு மாதம். கால் இரண்டும் தவளைக் கால் மாதிரி விரிந்து மெத்தையோடு ஒட்டிக் கிடந்தன. மூச்சை இழுக்கும்போது வயிறு எழும்பியது, நெஞ்சு உள்ளே போனது. ஆனால் முகத்தில் அத்தனை களை! அம்மாவின் கண்ணாடி வளையல் அசைந்த பக்கமெல்லாம் கண்ணும் போனது. வாயைத் திறந்தபோது நாக்கின் ஓரத்தில் புழு நெளிவதைப் போல ஒரு மெல்லிய துடிப்பு. "மூளை நன்றாக விழித்திருக்கிறது. தசைக்குத்தான் கட்டளை போய்ச் சேரவில்லை" என்றார் மேடம். ஸ்பைனல் மஸ்குலர் அட்ராபி, அதாவது தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் தண்டுவட நரம்பணுக்கள் அழியும் நோய்; அதில் கடுமையான முதல் வகை.

அன்று மாலை அவர் கையில் கொடுத்தது விக்டர் டுபோவிட்ஸ் எழுதிய புத்தகம். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் குழந்தை மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். துவண்ட குழந்தைகளுக்கென்றே 1969இல் தனி நூல் எழுதியவர். கண்ணால் பார்ப்பதற்கு அவர் கொடுத்த மரியாதைதான் என்னை ஈர்த்தது. மனைவி லில்லியுடன் சேர்ந்து 1970இல் வெளியிட்ட அளவுகோலும் அதே வழிதான். காது மடல், பாத ரேகை, கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தால் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தே, பிறந்த குழந்தை எத்தனை வாரக் கர்ப்பத்தில் பிறந்தது என்று கணித்துவிடலாம். 1980இல் அவருடைய குழு அல்ட்ராசவுண்டைத் தசைமேல் வைத்துப் பார்த்தது. நல்ல தசை கருமையாகத் தெரியும், நோயுற்றது வெளுத்துத் தெரியும். அழுகிற பிள்ளையை ஊசியால் குத்தாமலே ஒரு தடயம் கிடைத்துவிடுகிறது, பாருங்கள்.

என் வார்டில் கிடந்த அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க அப்போது எங்களிடம் மருந்து எதுவும் இல்லை. இந்த நோய்க்கான முதல் மருந்தான நுசினெர்சென் 2016 கடைசியில்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அவள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். முக்கியமாகப் பெற்றோர்கள்.

*

டாக்டர், நான் ஒரு அம்மா. பையனுக்கு டுஷேன் தசைச்சிதைவு, பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வரும், தசை மெல்ல மெல்லச் சிதையும் பரம்பரை நோய். ஐந்து வயதில் காய்ச்சலுக்கு ரத்தம் எடுத்தபோது கல்லீரல் சோதனையில் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற நொதிகள் இரண்டும் ஏறியிருந்தன. கல்லீரல் கோளாறு என்று ஏழு மாதம் மருந்து, நடுவில் கீழாநெல்லி. தசை சிதைந்தாலும் அதே அளவுகள் ரத்தத்தில் ஏறும் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அவன் கெண்டைக்கால் திரண்டிருந்ததைப் பார்த்து, ஓட்டக்காரன் கால் என்று வீட்டில் எல்லோரும் பெருமைப்பட்டோம். படியேற நேரமாகிறது என்று ஒருநாள் நானே அவனை அடித்திருக்கிறேன்.

கடைசியில் பார்த்த டாக்டர் நீங்கள் சொன்ன மாதிரிதான், கையே வைக்கவில்லை. "தரையில் உட்கார்ந்து எழுந்திரு, கண்ணா" என்றார். இவன் குப்புறத் திரும்பி, முழங்காலில் கை ஊன்றி, தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏணி ஏறுவதைப் போல எழுந்து நின்றான். தினமும் வீட்டில் பார்த்த காட்சிதான். தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் சிபிகே என்ற நொதியைப் பார்க்கச் சொன்னார். 200 இருக்க வேண்டிய இடத்தில் 18,000.

*

சகோதரி, நான் பிசியோதெரபிஸ்ட். உங்கள் பையன் இப்போது நடக்கிறானா என்று நீங்கள் எழுதவில்லை. நடக்கிறான் என்றால் ஒன்று சொல்கிறேன். அவன் அடிக்கடி விழ ஆரம்பிக்கும்போதே காலிப்பர், அதாவது காலை நேராகத் தாங்கிப் பிடிக்கும் சட்டம் பற்றி டாக்டரிடம் பேசிவிடுங்கள். டுபோவிட்ஸின் ஹாமர்ஸ்மித் குழு 1985இல் எழுதிய ஒரு கட்டுரையை நான் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். எடை குறைந்த காலிப்பர் போட்ட 57 சிறுவர்களைப் பற்றியது. நடை நிற்கிற நேரத்தில் அதைப் போட்டு, கூடவே பயிற்சியும் கொடுத்தால், இன்னும் கொஞ்ச காலம் நடக்க முடிகிறது. தள்ளிப்போட்டால் உட்கார்ந்தே இருந்து இடுப்பும் முழங்காலும் மடங்கி இறுகிவிடும், குதிகாலும் தூக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு மாட்டுவது கஷ்டம்.

நான் பார்த்த ஒரு பையனுக்கு அரையாண்டுத் தேர்வு முடியட்டும், பொங்கல் போகட்டும் என்று வீட்டில் தள்ளிக்கொண்டே போனார்கள். காலிப்பர் தயாரானபோது கால் நீளவில்லை. அடுத்து வந்தவனுக்கு நடை நின்ற இரண்டாவது வாரமே போட்டோம். எழுந்து நின்றதும் அவன் முதலில் கேட்டது பென்சில். அம்மாவைச் சுவரோரம் கூப்பிட்டுத் தன் தலைக்கு நேராகக் கோடு போடச் சொன்னான். தம்பியின் கோடு நான்கு விரல் கீழே இருந்தது.