டெபேஷ் மோடின் 'வயலேட்டர்': பெருமை டிஜேவுக்கா, குழுவுக்கா?

ரெக்கார்டு_பெட்டி: இங்கிலாந்தின் சிந்தசைசர் பாப் குழு டெபேஷ் மோடின் 'வயலேட்டர்' ஆல்பம் (1990) பேச்சை எடுத்தாலே யாராவது ஒருவர் வந்து, "மிக்ஸ் செய்தது நியூயார்க் டிஜே பிரான்சுவா கெவோர்க்கியன், அதனால்தான் அந்த சவுண்ட்" என்கிறார். பாட்டெழுதியது குழுவின் மார்ட்டின் கோர். தயாரித்தது குழுவும் தயாரிப்பாளர் ஃப்ளட்டும். கடைசியில் வந்து ஃபேடர் (ஒலியை ஏற்றி இறக்கும் குமிழ்) தள்ளியவருக்கு எதற்கு இத்தனை மாலை?

பேஸ்லைன்_பாலா: ஃபேடர் தள்ளியவரா! யாசூ என்ற இருவர் குழுவின் 'சிச்சுவேஷன்' 1982இல் இங்கிலாந்தில் 'ஒன்லி யூ' ரெக்கார்டின் பின்பக்கத்தில் கிடந்த பாட்டு. கெவோர்க்கியன் ரீமிக்ஸ் செய்தார், அமெரிக்க நடனப் பட்டியலில் முதலிடம். யாசூக்காரர் வின்ஸ் கிளார்க்கின் சிந்தசைசரை அங்கே கிளப்புக்குள் கூட்டிப்போனது யார் அண்ணே?

ரெக்கார்டு_பெட்டி: யாசூ பாடகி அலிசன் மோயேயின் குரல் இல்லாமல் அதை ஓட்டிக் காட்டட்டும், பார்ப்போம். சரி, 'வயலேட்டர்'க்கே வருகிறேன். அதில் பெரிய ஹிட் 'எஞ்சாய் த சைலன்ஸ்'. அதை மிக்ஸ் செய்தவர்கள் குழுவின் ரெக்கார்டு கம்பெனிக்காரர் டேனியல் மில்லரும் ஃப்ளட்டும், உங்கள் ஆள் இல்லை! கோர் அதை ஆர்மோனியம் வைத்து மெதுவான பாட்டாகத்தான் கொண்டுவந்தார். வேகமாக்கலாம் என்றவர் குழுவிலேயே இருந்த ஆலன் வைல்டர்.

எண்ணூற்றெட்டு: இரண்டு பேருமே விட்ட ஒன்று: கெவோர்க்கியன் அடிப்படையில் டிரம்மர். 1975இல் பிரான்சிலிருந்து நியூயார்க் போய், 'கேலக்சி 21' கிளப்பில் டிஜே வால்டர் கிப்பன்ஸ் ரெக்கார்டு ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்தவர். எந்த இடத்தில் அடித்தால் கூட்டம் நகரும் என்பதை அங்கேயே பார்த்துவிட்டார். ஜெர்மன் எலெக்ட்ரானிக் இசைக் குழு கிராஃப்ட்வெர்க்கே 'எலெக்ட்ரிக் கஃபே' ஆல்பம் (1986) மிக்ஸுக்கு அவரைக் கூப்பிட்டது. வெளியாள் வாசனையே ஆகாத குழு அது. அந்த வேலையைக் கேட்டுத்தான் டெபேஷ் மோடும் அவரிடம் போனது.

பேஸ்லைன்_பாலா: அப்படிப் போடுங்கள். அப்புறம், வைல்டர் வேகமாக்கினாரே, எந்தத் தாளத்தில்? அப்போது கிளப்பில் ஓடிய 'ஹவுஸ்' என்ற நடன இசையின் தாளம். சிகாகோ டிஜேக்கள் வளர்த்தது. ஸ்டுடியோவுக்குள் டிஜே வராவிட்டாலும் அவர் தாளம் வந்துவிட்டது.

ரெக்கார்டு_பெட்டி: அந்த டிஜேக்கள் எதை ஓட்டி வளர்ந்தார்கள்? ஐரோப்பிய சிந்தசைசர் இசையும்தானே! நியூயார்க் ஹிப்-ஹாப் ஆள் ஆப்பிரிக்கா பம்பாட்டாவும் டிஜேதான். 1982இல் அவருடைய 'பிளானட் ராக்'கில் வருவதே கிராஃப்ட்வெர்க் மெட்டு.

பேஸ்லைன்_பாலா: 'வயலேட்டர்' ஆல்பத்தின் 'வேர்ல்ட் இன் மை ஐஸ்' மட்டும் நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். பேஸுக்கும் டிரம்முக்கும் நடுவே கெவோர்க்கியன் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார் என்று தெரியும்.

ரெக்கார்டு_பெட்டி: கேட்டாயிற்று. பேஸ் பிரமாதம். அதை வாசித்தது டிஜே இல்லையே தம்பி!