ஈ.கோலை ஊதாவாகவே நிற்கிறது, நிறநீக்கியில் சந்தேகம்

வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். சென்ற மாதம்வரை ஒழுங்காக வந்த கிராம் சாயமிடல் (பற்றீரியாவை ஊதா, இளஞ்சிவப்பு என நிறத்தால் இரு வகையாகப் பிரிக்கும் முறை) இப்போது காலை வாருகிறது. தரக்கட்டுப்பாட்டுக்கு வைத்திருக்கும் ஈ.கோலை பற்றீரியா முழுவதும் இளஞ்சிவப்பாகத் தெரியவேண்டும். கண்ணாடித் தகட்டில் இட்ட பூச்சின் ஓரத்தில் அப்படித்தான் இருக்கிறது; நடுவிலோ கோல் கோலாகக் கரும் ஊதா. ஸ்டெபிலோகொக்கஸ் ஒரியஸ் வழக்கம்போல் ஊதாக் கொத்துகளாக வருகிறது.

முறை: கிரிஸ்டல் வயலட் 1 நிமிடம், அயடீன் 1 நிமிடம், நிறநீக்கியாக 95 சதவீத எதனோல் 15 விநாடி, சஃப்ரனின் 1 நிமிடம். பார்ப்பது 100 மடங்கு எண்ணெய் வில்லையில்.

பூச்சை மெல்லியதாக்கினேன். முதல் நாள் வளர்த்த பற்றீரியாவையே எடுத்தேன். அயடீன் புதிய போத்தல். சுவாலையில் காட்டுவதையும் குறைத்தேன். எதனோலை 30 விநாடி விட்டால் ஈ.கோலை வழிக்கு வருகிறது, ஆனால் ஸ்டெபிலோகொக்கஸும் சேர்ந்து வெளுத்துவிடுகிறது.

இளஞ்சிவப்பாக வேண்டிய அசினெட்டோபாக்டர் என்ற பற்றீரியா இப்படி ஊதாவை விடாமல் ஏமாற்றும், அது தெரிந்த கதை. மெல்லிய சுவருள்ள ஈ.கோலைக்கு என்ன வந்தது? நோயாளியின் மாதிரியில் இது நடந்தால் விளையாட்டில்லை: ஈ.கோலை போன்ற கிராம் எதிர் (இளஞ்சிவப்பாகும்) பற்றீரியாவின் வெளிச்சவ்வைத் தாண்டமுடியாத வன்கோமைசின் என்ற நுண்ணுயிர்கொல்லியை வைத்தியர் தொடங்கிவிடலாம்.

அசற்றோனையும் எதனோலையும் சம அளவில் கலந்து, கொழும்பின் இந்தப் புழுக்கத்தில் பயன்படுத்துபவர்கள் எத்தனை விநாடி விடுகிறீர்கள்?