ஹெல்மெட் பேரணி தவிர வேறு என்ன செய்யலாம்? (புளியரை – செங்கோட்டை சாலை)

கேட்டவர்: புளியரை வயல்காட்டான்

வணக்கம். செங்கோட்டையிலிருந்து கேரளா போகும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் ஊர். நாங்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து ஒரு நற்பணி மன்றம் நடத்துகிறோம், பதிவும் இருக்கிறது. ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் வந்தால் ஹெல்மெட் பேரணி, பள்ளியில் ஓவியப் போட்டி, கடைசியில் கேடயம், போட்டோ. வருடா வருடம் இதேதான். ஆண்டறிக்கையில் தேதியை மட்டும் மாற்றினால் போதும் என்று எங்கள் பொருளாளரே கிண்டல் செய்கிறார்.

ரோடு அப்படியேதான் இருக்கிறது. ஜல்லி, எம்சாண்ட் ஏற்றிய லாரி எஸ் வளைவில் ஊர்ந்துதான் ஏறும், அது பரவாயில்லை. இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற லாரிதான் பயம். வியாழக்கிழமை என்றால் தட்சிணாமூர்த்தி கோயில் கூட்டம். சாரல் காலத்தில் குற்றாலத்தில் குளித்துவிட்டுப் பாலருவி பார்க்கக் கிளம்புகிற கார்கள், கார்த்திகை பிறந்தால் ஐயப்ப வண்டிகள். இதற்கு நடுவில்தான் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போக ரோட்டைத் தாண்ட வேண்டும்.

வேகத்தடை கேட்டு மனு கொடுத்தோம், பதில் இல்லை. இந்த வருடம் ஏதாவது உருப்படியாகச் செய்ய ஆசை. பணம் அதிகம் கிடையாது. செய்து பார்த்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற சாலை ஆய்வாளர், தென்காசி

தம்பி, உங்கள் மனு ஏன் நகரவில்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை போடுவதில்லை என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் நிலைப்பாடு. ஏற்கெனவே இருந்ததையும் எடுக்கச் சொன்னவர்கள் அவர்கள். நீங்கள் கேட்டது அவர்கள் தர முடியாத பொருள். அப்புறம், மனுவை யாரிடம் கொடுத்தீர்கள்? ஊராட்சித் தலைவரிடம் என்றால் அவருக்கு அந்த ரோட்டில் ஒரு கோடு போடக்கூட அதிகாரம் இல்லை. ஊருக்குள் போகிற தெரு ஊராட்சியுடையது, சில ரோடு ஒன்றியத்துடையது, சில மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. மெயின் ரோட்டைப் பார்க்கிற அலுவலகம் தனி. எந்த ரோடு யாருடையது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. நான் சர்வீஸில் இருந்தபோது வந்த மனுக்களில் எத்தனையோ, தப்பான மேசையில் கிடந்தே மக்கிப்போயின.

மெயின் ரோட்டில் எதைக் கேட்கலாம்? பள்ளிக்கு இரண்டு பக்கமும் எச்சரிக்கைப் பலகை, ரம்பிள் ஸ்ட்ரிப் (வண்டியை அதிரவைக்கும் தடித்த குறுக்குக் கோடுகள்), வரிக்குதிரைக் கோடு, சோலார் மஞ்சள் விளக்கு. ரம்பிள் ஸ்ட்ரிப் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ராத்திரி தூக்கம் போச்சு என்று சண்டைக்கு வருவார்கள். அதையும் முன்கூட்டியே அவர்களிடம் பேசிவிடுங்கள். நகைக்கடை விளம்பரம் போட்ட பேரிகேடை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். ஒளிரும் ஸ்டிக்கர் உரிந்த பேரிகேடு நடு ரோட்டில் நின்றால் இருட்டில் அதுவே எமன்.

ஊர்த் தெரு மெயின் ரோட்டில் வந்து சேருகிற இடத்தில், தெருப் பக்கம், வேகத்தடை போடலாம். பைக்கில் வருகிற பையன்கள் பார்க்காமல் மெயின் ரோட்டில் பாய்வது அங்கேதானே. ஆனால் அளவு முக்கியம். சாலைகளுக்குத் தரநிலை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டியில் வட்ட வடிவ வேகத்தடைக்கு அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். நம் ஊரில் மீந்த தாரைக் கொட்டி முழ அகலத்துக்கு ஒரு மேடு எழுப்பி வைப்பார்கள். அது கர்ப்பிணிகளின் இடுப்பை உடைக்கும், பைக் ஓட்டுகிறவனைக் கீழே தள்ளும், வேகத்தைக் குறைக்காது.

இனி, உங்கள் மன்றம் காசில்லாமல் செய்யக்கூடிய வேலை. அரசாங்கக் கணக்கில் ஓர் இடம் ‘கரும்புள்ளி’ ஆக வேண்டுமென்றால், சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் கடந்த 3 ஆண்டுகளில் உயிரிழப்போ பலத்த காயமோ உள்ள 5 விபத்துகள் பதிவாகியிருக்க வேண்டும், அல்லது 10 பேர் இறந்திருக்க வேண்டும். அதாவது, ஆள் சாகும்வரை அல்லது பலத்த காயம் படும்வரை உங்கள் இடம் கணக்கிலேயே வராது. முட்டி தேய்ந்தது, பிள்ளை மயிரிழையில் தப்பியது எல்லாம் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. அந்த ரிஜிஸ்டரை நீங்கள் எழுதுங்கள். டீக்கடை, மருந்துக்கடை, பள்ளி வாசல், மூன்று இடத்தில் ஒரு நோட்டு. தேதி, நேரம், எந்த வண்டி, என்ன நடந்தது. வண்டி நம்பரும் ஆள் பெயரும் வேண்டாம், வீண் வம்பு.

வேகத்தையும் அளந்து வையுங்கள். ரோட்டோரம் 50 மீட்டருக்கு இரண்டு சுண்ணாம்புக் குறி. செல்போனில் ஸ்டாப்வாட்ச். ஒரு குறியிலிருந்து மறு குறிக்கு 3 நொடியில் போனால் மணிக்கு 60 கிலோமீட்டர். நாலரை நொடி என்றால் 40. பள்ளி விடுகிற நேரத்தில் ஒரு மணி நேரம் ஓரமாக, ரோட்டில் இறங்காமல், நின்று எழுதினால் போதும். “வண்டிகள் வேகமாக வருகின்றன” என்று எழுதினால் ஃபைலில் தூங்கும். “இத்தனை வண்டியில் இத்தனை வண்டி 60-க்கு மேல்” என்று எழுதினால் பொறியாளர் நிமிர்ந்து பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டையும் வைத்து ஒரே மனு. நகல் கலெக்டருக்கு. மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். கூட்டக் குறிப்பில் உங்கள் இடம் ஏறியதா என்று விடாமல் கேளுங்கள். ஆண்டறிக்கையில் போட வேண்டியதும் அதுதான்: என்ன கேட்டோம், என்ன வந்தது, என்ன வரவில்லை. கேடயம் கொடுத்த போட்டோவை உள்ளே எங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: கம்பம் டிரைவர்

அண்ணாச்சி சொன்னதெல்லாம் சரி. நான் குமுளி ரோட்டில் வண்டி ஓட்டுகிறவன். கார்த்திகை, மார்கழியில் எங்களுக்குப் பெரிய தலைவலி பாதயாத்திரை சாமிகள்தான். கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, அதிகாலை மூன்று மணி. லைட் வெளிச்சத்தில் பக்கத்தில் வந்த பிறகுதான் ஆள் தெரியும். ஒளிரும் டேப் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், விலையும் பெரிதில்லை. நாங்கள் துண்டு துண்டாக வெட்டி சாமிகளின் தோள் பைக்குப் பின்னால் ஒட்டிவிடுகிறோம். நெஞ்சில் ஒட்டிப் புண்ணியமில்லை, பின்னால் வருகிற வண்டிக்குத் தெரிய வேண்டும். ரோட்டின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்து நடக்கச் சொல்லுங்கள். குருசாமி சொன்னால் கேட்பார்கள், நாம் சொன்னால் “சாமி பார்த்துப்பார்” என்பார்கள்.

நவம்பர் மூன்றாம் ஞாயிறு, சாலை விபத்தில் இறந்தவர்களை நினைக்கிற நாள் என்று ஐ.நா. 2005-இலேயே ஏற்றுக்கொண்டது. கார்த்திகை ஒன்றும் அதை ஒட்டியே வரும். டேப் ஒட்டுகிற வேலையை அன்றைக்குத் தொடங்கலாம்.

பதில்: கொழிஞ்சாம்பாறை டீச்சர்

நான் இந்தப் பக்கம், பாலக்காடு மாவட்டம். இங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கிராமசபை கூட வேண்டும் என்பது சட்டம். நாங்கள் பள்ளி வாசல் விஷயத்தை ஒவ்வொரு கூட்டத்திலும் எழுப்பி மினிட்ஸில் ஏற்றுவோம். உங்களுக்கும் மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கூட்டங்கள் உண்டே. மெயின் ரோடு ஊராட்சியுடையது இல்லையென்றாலும் தீர்மானம் போட்டு அனுப்பலாம். அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

இன்னொன்று, அடிபட்டவரைத் தூக்கப் பயப்படுகிறார்கள் பாருங்கள், “போலீஸ் கேஸ்” என்று. அப்படி உதவுகிறவர்களைக் காக்கும் வழிமுறைகளை 2016-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று பிரிவு வந்துவிட்டது. உதவி செய்தவர் விருப்பமில்லாமல் பெயர், முகவரி கொடுக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், அடிபட்டவர் மலையாளியாக இருந்தாலும். எங்கள் ஊரில் தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கே இது தெரியவில்லை. ஓவியப் போட்டியை நிறுத்த வேண்டாம் தம்பி, தலைப்பை மாற்றுங்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்து பள்ளிவரை வரும் வழியை வரைந்து, பயமான இடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கட்டும். நான் வகுப்பில் செய்து பார்த்தேன். பெரியவர்கள் யாரும் சொல்லாத ஒரு ஓடைப் பாலத்தில் பாதிப் பிள்ளைகள் புள்ளி வைத்திருந்தார்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத பாலம் அது.

கேட்டவர்: புளியரை வயல்காட்டான்

எல்லாருக்கும் நன்றி. நோட்டு வைக்க டீக்கடைக்காரர் ஒத்துக்கொண்டார், “நானே தினம் ஒண்ணு எழுதுவேன்” என்கிறார். ஒரு சந்தேகம். ராத்திரியில் செக்போஸ்டுக்கு முன்னால் லாரிகள் பின் விளக்கு இல்லாமல் வரிசையாக நிற்கின்றன. இதற்கும் நெடுஞ்சாலைக்காரர்களிடமா போக வேண்டும்? அப்புறம், மலையில் நின்று 108 அடித்தால் சில நேரம் மலையாளத்தில் எடுக்கிறார்கள்.

பதில்: ஓய்வுபெற்ற சாலை ஆய்வாளர், தென்காசி

நிற்கிற லாரி போலீஸ், ஆர்.டி.ஓ. விவகாரம். தனி மனு போடுங்கள், வேகத்தோடு சேர்த்தால் இரண்டுமே கெடும். 108-க்கு டவர் அந்தப் பக்கம் பிடித்திருக்கும். எடுத்ததும் எந்த மாநிலம், எந்த ஊருக்கு எத்தனையாவது கிலோமீட்டர் கல் என்று சொல்லுங்கள். வளைவுகளில் இருக்கிற கல்லையெல்லாம் செடி மூடிக் கிடக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிவாள் எடுத்துப் போனால் முடிகிற வேலை. வளைவுக்கு இரண்டு பக்கமும் சிவப்புத் துணியோடு ஆளை நிறுத்தாமல் மட்டும் இறங்காதீர்கள்.