அட்டையை எந்தப் பக்கம் வெட்டுவது? ஒரு மெடிக்கல் கடைக்காரனின் பதில்

கடைக்காரன்_திண்டுக்கல்:
நேற்று 'மாதச்சம்பளம்' இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் சொன்னது இதுதான்: மெடிக்கலில் நாலு மாத்திரை கேட்டால் முழு அட்டையைத் தலையில் கட்டுகிறார்கள், வெட்டித் தந்தாலும் தேதி இல்லாத பக்கத்தையே வெட்டித் தருகிறார்கள், பழைய சரக்கைத் தள்ளிவிட இது ஒரு வழி.

பத்தொன்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். தேதி இல்லாத பக்கத்தைத்தான் வெட்டித் தருவேன். அப்படித்தான் தர வேண்டும். பல அட்டைகளில் பேட்ச் நம்பரும் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) எக்ஸ்பைரியும் ஒரே ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரத்தை முதலில் வந்தவரிடம் கொடுத்துவிட்டால், பதினைந்தில் நாலு போக ரேக்கில் மிஞ்சிய பதினொரு மாத்திரைக்கு என்ன தேதி என்று யாருக்குத் தெரியும்? அடுத்து வருகிறவருக்கு எதைப் பார்த்துக் கொடுப்பது? தேதிப் பக்கம் கடையில் இருப்பதுதான் எல்லோருக்கும் பாதுகாப்பு. இதைத் திருட்டு என்று எழுத எப்படி மனசு வந்தது?

மாதச்சம்பளம்:
அண்ணே, கடையில் மிஞ்சிய பதினொன்றைப் பற்றி நான் கேட்கவில்லை. என் அம்மாவுக்கு வாங்கிய நாலு மாத்திரையில் தேதி எங்கே? வீட்டில் டப்பாவில் போட்டு வைக்கிறோம். மூன்று மாதம் கழித்து மறுபடி தலைசுற்றல் வந்தால் எடுத்துப் பார்க்கிறோம். வெறும் வெள்ளித் தகடு. பெயர்கூடப் பாதிதான் இருக்கிறது. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

கடைக்காரன்_திண்டுக்கல்:
பில்லில் இருக்கிறது. மருந்தின் பெயர், பேட்ச், எக்ஸ்பைரி, விலை எல்லாம் பில்லில் வரும். பில் வாங்கினீர்களா?

மாதச்சம்பளம்:
தரவில்லை.

கடைக்காரன்_திண்டுக்கல்:
கேட்டீர்களா?

மாதச்சம்பளம்:
மளிகைக் கடையில் கேட்காமலே தருகிறார்கள். மருந்துக்கு நான் கெஞ்ச வேண்டுமா?

வெள்ளை_கோட்டு:
நான் மெடிக்கலில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஃபார்மசிஸ்ட். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே இருக்கிற வேலை. வெட்டுகிற விஷயத்தில் கடைக்காரர் சொல்வது சரி. தேதி உள்ள ஓரம் கடைசி மாத்திரை வரைக்கும் கடையில்தான் இருக்க வேண்டும். ஆனால் வாங்குகிறவர் கையிலும் தேதி போக வேண்டும். நான் பிரவுன் கவரில் மாத்திரை பெயர், எக்ஸ்பைரி, காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று பேனாவால் எழுதித்தான் தருவேன். அரை நிமிட வேலை. சாயங்காலக் கூட்டத்தில் அந்த அரை நிமிடத்துக்குத்தான் என் முதலாளி முறைப்பார்.

கடைக்காரன்_திண்டுக்கல்:
அக்கா, முதலாளியைக் குறை சொல்ல இதுதான் சமயமா? ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் கவுண்டரில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒருவர் டாக்டர் சீட்டை நீட்டுவார், அதில் எழுத்தா கோடா என்று பார்க்க வேண்டும். இன்னொருவர் வாட்ஸ்அப்பில் பாதி மறைந்த போட்டோ காட்டுவார். ஒரு பாட்டி 'அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை' என்பார். எது என்று கேட்டால் 'போன மாசம் நீதானே தந்தே' என்பார். இதற்கு நடுவே ஃப்ரிட்ஜில் இன்சுலின் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரண்ட் போனால் யூபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்குப் போட வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் தேதிப் பக்கத்தை மாற்றி வெட்டாமல் கொடுக்கிறோம். அதற்குக் கிடைத்த பெயர் திருட்டு.

சந்தைக்கடை:
பாதுகாப்பு, தேதி எல்லாம் இருக்கட்டும். முழு அட்டையாக வாங்கச் சொல்வது ஏன்? காய்ச்சலுக்கு மூன்று மாத்திரை போதும் என்று டாக்டர் எழுதுகிறார், கடையில் பதினைந்து மாத்திரை அட்டையை நீட்டுகிறார்கள். காசு இருக்கிறவன் வாங்குவான். தினக்கூலிக்காரன் என்ன செய்வான்? உங்களுக்கு லாபம் வேண்டும், அதைச் சொல்லுங்கள்.

கடைக்காரன்_திண்டுக்கல்:
லாபமா? சரி, கணக்குச் சொல்கிறேன், கேளுங்கள். 150 ரூபாய்க்குப் பதினைந்து மாத்திரை உள்ள அட்டை, எனக்கு 120க்கு வருகிறது என்று வையுங்கள். நாலு வெட்டிக் கொடுத்தால் 40 ரூபாய். உதிரியாக விற்றாலும் அட்டை விலையைப் பிரித்து வருகிற விலைக்கு மேல் வாங்கக் கூடாது, 2013-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையிலேயே அது இருக்கிறது. மிச்சம் பதினொன்று. அதே மாத்திரையை நாலு பேர் கேட்டு வந்தால் தப்பித்தேன். வராவிட்டால் எக்ஸ்பைரி. முழு அட்டை என்றால் எனக்குச் சரக்குப் போடும் ஸ்டாக்கிஸ்ட் திரும்ப எடுத்து, மாதக்கணக்கில் இழுத்தடித்தாவது கிரெடிட் நோட் போட்டு அந்தப் பணத்தைக் கழித்துக்கொள்வார். வெட்டிய அட்டையை என் ஸ்டாக்கிஸ்ட் கையால்கூடத் தொட மாட்டார். அந்தப் பதினொன்றுக்கு நான் போட்ட 88 ரூபாய் என் பாக்கெட்டிலிருந்து போகிறது. நாலு மாத்திரையில் எனக்கு வந்த லாபம் எட்டு ரூபாய்.

இவ்வளவுக்கும் வெட்ட மாட்டேன் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வெட்டித் தருகிறேன். தேதி இல்லாத பக்கத்தை.

மாதச்சம்பளம்:
திரும்பவும் அதே இடம். என் கையில் தேதி?

சந்தைக்கடை:
எங்கள் ஊரில் புதிதாகத் திறந்த பெரிய கடையில் 20 சதவீதம் தள்ளுபடி என்று போர்டு வைத்திருக்கிறார்கள். லாபமே இல்லாமலா தருகிறார்கள்?

கடைக்காரன்_திண்டுக்கல்:
தம்பி, அந்தப் போர்டைப் பற்றி மட்டும் என்னிடம் பேசாதீர்கள். விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துக்கு உச்சவரம்பு விலை போடும்போது சில்லறைக் கடைக்காரனுக்கு அரசு கணக்கில் எடுப்பதே 16 சதவீதம். மற்ற மருந்துக்கு 20 என்பது வழக்கம். அதில்தான் வாடகை, கரண்ட், ஏசி, இரண்டு பையன்கள் சம்பளம், ஃபார்மசிஸ்ட் சம்பளம் எல்லாம். பெரிய கடை கம்பெனியிடம் மொத்தமாகப் பேசி வாங்குகிறது, ஜெனரிக்குக்கு (கம்பெனி பிராண்டு பெயர் இல்லாமல் வரும் அதே மருந்து) சொந்தப் பிராண்டு போட்டு அள்ளுகிறது. நான் ஸ்டாக்கிஸ்டிடம் பத்துக்கு ஒன்று இலவசம் கேட்டு நிற்கிறவன். என்னையும் அவனையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு டாக்டர் இருந்தார். அவர் எழுதுகிற பிராண்டுகள் வேறு யாரும் எழுத மாட்டார்கள். அவருக்காகவே இரண்டு ரேக் நிறைய வாங்கி வைத்தேன். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஊருக்குப் போய்விட்டார். அதே மருந்துதான், அதே அளவுதான், ஆனால் சீட்டில் வேறு பெயர் எழுதியிருந்தால் என் ரேக்கில் இருப்பதை எடுத்துக் கொடுக்க முடியாது. கொடுத்தால் 'டாக்டர் எழுதினது இது இல்லையே' என்று சண்டை. அந்த இரண்டு ரேக்கும் அப்படியே எக்ஸ்பைரி ஆனது. அதை யாரும் வந்து கேட்கவில்லை.

சுகர்_பேஷண்ட்_மகன்:
கடைக்காரர் அழுவதைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 ஆனது. அடுத்த வாரம் அப்பாவுக்கு மாத்திரை வாங்கப் போனால் அட்டையில் என்ன போட்டிருக்கிறதோ அதே விலையைக் கேட்டார்கள் (எந்தக் கடை என்று சொல்லவில்லை). சண்டை போட்ட பிறகுதான் குறைத்தார்கள். அன்றைக்கு உங்கள் நேர்மை எங்கே போனது?

கடைக்காரன்_திண்டுக்கல்:
உங்கள் கடைக்காரர் செய்தது தப்பு. நான் செய்யவில்லை. 12 கட்டி வாங்கிய சரக்கை 5 போட்டு விற்றேன், வித்தியாசம் என் கணக்கில் முடங்கிக் கிடந்தது. அட்டையில் பழைய விலை, கம்ப்யூட்டரில் புது விலை. வருகிற ஒவ்வொருவருக்கும் கம்பெனி அனுப்பிய விலைப்பட்டியலைக் காட்டி விளக்கினேன். குறைவாக வாங்கினாலும் சந்தேகப்பட்டார்கள், 'ஏன் குறைவு, பழைய சரக்கா' என்று. அன்றைக்கும் எல்லோரும் அட்டையைத் திருப்பிப் பார்த்தது தேதிக்காகத்தான்.

மாதச்சம்பளம்:
பார்த்தீர்களா, நீங்களே சொல்கிறீர்கள். ஜனங்கள் தேதியைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு வெட்டிக் கொடுத்ததில் அந்தத் தேதிதான் இல்லை.

வெள்ளை_கோட்டு:
தேதி என்றதும் ஒரு விஷயம். எக்ஸ்பைரி ஜூன் என்று மாதம் மட்டும் போட்டிருந்தால் ஜூன் கடைசி நாள் வரைக்கும் செல்லும். ஜூன் முதல் தேதியே சட்டையைப் பிடிக்க வருகிறார்கள். இதைத் தினமும் பத்துப் பேருக்கு விளக்குகிறேன்.

சந்தைக்கடை:
கடைசி நாள் வரைக்கும் செல்லும் என்று சொல்லிக் கடைசி வாரத்தில் விற்பீர்கள். வாங்கியவன் பத்து நாள் சாப்பிட வேண்டாமா?

வெள்ளை_கோட்டு:
நான் அப்படி விற்க மாட்டேன். மூன்று மாதத்துக்குள் முடிகிற சரக்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். எல்லாக் கடையிலும் அதைச் செய்ய ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். சுவரில் ஒரு ஃபார்மசிஸ்ட் சர்டிஃபிகேட் தொங்கும், அந்தச் சர்டிஃபிகேட்டின் சொந்தக்காரர் மாதம் ஒருமுறை வந்து அதற்கு வாடகை வாங்கிக்கொண்டு போவார். 1948-ஆம் ஆண்டு ஃபார்மசி சட்டம் பதிவு பெற்ற ஃபார்மசிஸ்ட்தான் மருந்து எடுத்துத் தர வேண்டும் என்கிறது. அட்டையை எந்தப் பக்கம் வெட்டுவது என்று பத்தாம் வகுப்புப் பையனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

கடைக்காரன்_திண்டுக்கல்:
இது என்னைத்தான் சொல்கிறீர்கள் என்று புரிகிறது. நான் டி.ஃபார்ம் படித்தவன். சுவரில் தொங்குவது என் சர்டிஃபிகேட். காலை எட்டரைக்குக் கடை திறப்பதும் நான், ராத்திரி பத்தரைக்கு ஷட்டர் இழுப்பதும் நான். என் தங்கை கல்யாணத்தன்று கடையை மூடியதுக்கே மூன்று பேர் கோபித்துக்கொண்டார்கள். எச்1 பட்டியல் மருந்து (டாக்டர் சீட்டு இருந்தால்தான் தரலாம், தனிக் கணக்கும் வைக்க வேண்டும்) ஒவ்வொன்றுக்கும் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனி ரெஜிஸ்டரில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்கிறேன். வேண்டுமானால் வந்து பாருங்கள்.

வாடகை சர்டிஃபிகேட்காரனைப் பற்றிப் பேச எனக்கும் கோபம் இருக்கிறது. அவனால்தான் நான் கெட்ட பெயர் வாங்குகிறேன். சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டு, வலி மாத்திரையை அட்டை அட்டையாகக் கேட்டு வருகிற பையன்களை நான் விரட்டுகிறேன். இரண்டு தெரு தள்ளிப் போய் வாங்கிவிட்டு, திரும்பி வரும்போது என் கடை வாசலில் நின்று காட்டிவிட்டுப் போகிறார்கள். ஒருவன் கல்லெடுத்தான். அன்றைக்கு அந்த அக்கா எங்கே இருந்தார்?

வெள்ளை_கோட்டு:
நான் கவுண்டரில் நின்றிருந்தேன். அதே மாத்திரை கேட்டு வந்த வேறு பையன்களிடம் இல்லை என்று சொல்லிக்கொண்டு. ராத்திரி பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னால் வந்தார்கள். கடை உங்களுடையது, ஷட்டர் இழுத்ததும் மாடிக்குப் போகலாம். நான் தனியாக நடந்து போக வேண்டும். சம்பளத்தைப் பேசினால் 'வேறு ஆள் கிடைக்கும்' என்கிறீர்கள்.

கடைக்காரன்_திண்டுக்கல்:
நான் உங்கள் முதலாளி இல்லை அக்கா. அந்தக் கோபத்தை இங்கே இறக்காதீர்கள்.

நெல்லைக்காரன்:
போன வருடம் ஆன்லைன் மருந்து விவாதத்திலும் இதே கடைக்காரர் இதே மாதிரி எல்லோர் வாயையும் அடைத்தார். ஆன்லைன் விற்பனையை எதிர்த்து மெடிக்கல்காரர்கள் நடத்திய 2018 செப்டம்பர் 28 கடையடைப்பைப் பற்றி நான் எழுதியதற்கு 'உமக்கு ஒன்றும் தெரியாது' என்றார். நான் மறக்கவில்லை. செயலியில் வாங்கினால் முழு அட்டையில் தேதியோடு வருகிறது, பில்லும் வருகிறது, யாரும் முறைப்பதில்லை. இந்த வெட்டுகிற பிரச்சினையே இல்லை.

கடைக்காரன்_திண்டுக்கல்:
முழு அட்டையாக வருகிறது! அதைத்தானே இவ்வளவு நேரம் 'தலையில் கட்டுகிறார்கள்' என்று திட்டினீர்கள்? செயலி நாலு மாத்திரை வெட்டித் தருமா? ராத்திரி பத்து மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஓடி வருகிறவருக்கு டிராப்ஸ் எத்தனை மில்லி என்று எடை கேட்டுச் சொல்லுமா? கையில் காசில்லை, சம்பளம் வந்ததும் தருகிறேன் என்றால் நோட்டில் எழுதிக்கொள்ளுமா? என் நோட்டில் இன்றைக்கும் பதினெட்டாயிரம் பாக்கி இருக்கிறது. அதில் உங்களைப் போலப் பேசுகிறவர்களும் உண்டு.

நெல்லைக்காரன்:
கடன் தந்ததைச் சபையில் சொல்லிக் காட்டுவது எங்கள் ஊரில் வழக்கமில்லை.

சுகர்_பேஷண்ட்_மகன்:
தமிழக அரசு முதல்வர் மருந்தகம் என்று 2025 பிப்ரவரியில் 1000 கடை திறந்தது. என் அப்பாவுக்குச் சுகர் மாத்திரை அங்கேதான் வாங்குகிறேன். உங்கள் கடையில் வாங்கியதைவிட எவ்வளவோ குறைவு. அதையும் கொஞ்சம் விளக்குங்கள்.

கடைக்காரன்_திண்டுக்கல்:
அங்கே இருப்பது ஜெனரிக். தாராளமாக வாங்குங்கள், நானே பலரை அனுப்புகிறேன். அங்கே கிடைக்காததைத் தேடித் திரும்ப என்னிடம்தான் வருகிறார்கள். அந்த மாத்திரைக்குத் தேதி கேட்டீர்களா?

மாதச்சம்பளம்:
எல்லோரும் எங்கெங்கோ போய்விட்டீர்கள். நான் திருடன் என்று எழுதவே இல்லை, நேற்றைய பதிவைத் திரும்பப் படியுங்கள். 'தள்ளிவிட ஒரு வழி' என்றுதான் எழுதினேன். அம்மாவின் டப்பாவில் அந்த நாலில் இரண்டு இன்னும் கிடக்கிறது. சாப்பிடலாமா, குப்பையில் போடலாமா? தேதி இருந்தால் இந்தக் கேள்வியே வராது.

கடைக்காரன்_திண்டுக்கல்:
'தள்ளிவிட ஒரு வழி' என்றால் அதற்கு வேறு என்ன அர்த்தம்? வாங்கின கடைக்குப் போய் மிச்ச அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். விற்றுப் போயிருந்தால் கம்ப்யூட்டரில் பேட்ச் இருக்கும். அதுவும் இல்லையென்றால் சாப்பிட வேண்டாம், தூக்கிப் போடுங்கள். தலைசுற்றலுக்கு டாக்டரைப் பார்க்காமல் மூன்று மாதப் பழைய மாத்திரையைக் கொடுப்பதே தப்பு.

கரண்ட் போய்விட்டது, ஃப்ரிட்ஜைப் பார்க்கப் போகிறேன். திரும்பி வந்தாலும் இதையேதான் சொல்வேன். தேதிப் பக்கம் கடையில்தான் இருக்கும்.

மாதச்சம்பளம்:
கம்ப்யூட்டரில் பேட்ச் இருக்க அவர்கள் முதலில் பில் போட்டிருக்க வேண்டும் அண்ணே.